செம்பு, பதினேழரை கிலோ

ஆவுடையம்மாள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து
தராசுக்குக் கீழே இறக்கினாள்.
நாற்பத்தொரு தகடு. பழைய வேட்டியில் பொதிந்து
மூலைக்கு மூலை முடிச்சு.
“துரைசானி எனக்கு எழுதிவச்சது. எடை போடுங்க.”

எழுபத்தொன்று, ஐப்பசி, விடாத மழை.
சேரன்மகாதேவிப் பாத்திரக்கடையில் நான் தராசுப் பையன்.
முதலாளி கோமதிநாயகம் நகத்தால் சுண்டிப் பார்த்தார்.
“நல்ல செம்புதான். கீறல்தான் ஜாஸ்தி.
கிலோவுக்கு எட்டணா கழிச்சுக்கிடுவேன்.”

கீறல்.

முதல் ஏழும் எனக்குத் தெரியாத ஊர்:
பாய்மரம், வழுக்கும் கற்படி, மீன்கூடைப் பெண்கள்.
ஒரு தகட்டில் பட்டாளத் தொப்பி போட்ட பையன்
நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.
அடுத்ததில் நாற்காலி மட்டும்.
“தம்பியாம்” என்றாள் ஆவுடை.
“நான் கேட்டதில்ல. மசி துடைக்கையில ஒருநாள் அவளே சொன்னா.”

எட்டாவதிலிருந்து நம்ம பக்கம்.

முழுப்பெயர் டோரத்தி பென்ஹாலிகன்.
ஊர் வாயில் அது பெனாலி ஆயிற்று.
முப்பத்தாறில் கப்பலேறி வந்தவள்,
ஆறு மாதம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் சொன்னாளாம்.
ரயிலடிக்குப் பின்னால் வாடகை வீடு.
அச்சு இயந்திரம் வராமல் போகவே
கரும்பாலை ஒன்றை விலைபேசி
உருளைகளைத் தேய்த்துச் சமப்படுத்தினாள்.
தட்டாரிடம் திராவகம்.
நாட்டுமருந்துக் கடையில் குங்கிலியம்.
சக்கரம் சுற்ற ஆவுடையம்மாள், நாளுக்கு ஆறணா,
பிறகு எட்டு, பிறகு கணக்கே இல்லை.

தென்கரையில் உட்கார்ந்து
மடியில் தகட்டை வைத்துக்கொண்டு
கண்டது கண்டபடி செம்பில் கீறுவாள்.
கண்ணாடியில் பார்த்துத் திருப்பி வரைவதுதான் முறையாம்,
அச்சில் நேராக விழ.
இரண்டு வருடம் அப்படிச் செய்துவிட்டு நிறுத்தினாள்.
“ஏன்னு கேட்டேன்.
தாள் அவங்களுக்கு, தகடு எனக்குன்னா.”

ஆகவே லண்டன் சுவர்களில்
எங்கள் ஆறு கடலில் புறப்பட்டு மலைக்கு ஏறியது.
பொதிகை கிழக்கே போய் நின்றது.
சேரன்மகாதேவி முழுக்க இடதுகையால் சோறு உண்டது,
பெண்களுக்கு வலத்தோளில் முந்தானை.
ரயிலடிப் பலகையில் ஊர்ப்பெயர் தலைமாறிக் கிடந்தும்
அங்கே ஒருவரும் கேட்கவில்லை.
பத்திரிகையில் எழுதியிருந்தார்களாம்,
வெளிச்சம் எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது என்று.
அதை வாசித்துவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம் பெனாலி.

இருபத்தி மூன்றாம் தகடு, ஆடிப்பெருக்கு வெள்ளம்.
தாமிரபரணியைத் தராசில் வைத்தேன்.
நானூற்று இருபது கிராம்.

மொத்தம் பதினேழரை கிலோ.
ஆவுடை எச்சில் தொட்டு இரண்டுமுறை எண்ணினாள்.
“ஆலையையும் கொடுக்கியா?” என்றார் முதலாளி.
“தையில கரும்பு வெட்டணும்லா, எனக்கு வேணும்.”
“சாறு கறுப்பா வருமே.”
“முதல் குடம் வரும். ஊத்திருவேன்.”

தொண்ணூற்றாறில் வெள்ளைக்காரப் பையன் ஒருவன்
கடைதேடி வந்தான், கண்ணாடிச் சட்டமில்லாத தாளோடு.
இந்த இடம் எங்கே, என்று கேட்டான்.
பார்த்தேன். அப்படி ஓர் ஊரே கிடையாது.
தாளைப் புரட்டி
முதுகுப்பக்கமாக வெயிலுக்குப் பிடித்தேன்.
மலை தன் இடத்துக்கு வந்தது.
பலகையில் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன்,
சே-ர-ன்-ம-கா-தே-வி.
அவனுக்குப் புரியவில்லை.
வெளிச்சம் அபாரம், என்றான்.

தகடுகள் எங்கே என்று கேட்டபோது
சத்திரத்துக்கு அழைத்துப்போய் அண்டாவைக் காட்டினேன்,
கல்யாணத்துக்கு வெந்நீர் போட்டிருந்தார்கள்.
அதில் மட்டும் தண்ணீர்
இடமிருந்து வலமாகச் சுழலும் என்று சொல்ல
எனக்கும் ஆசைதான்.
பொய். சும்மா கொதிக்கும்.